கச்சான் என்றொரு பெட்டைக்குட்டி

உலகத்திலேயே வடிவான நாய் எங்கள் வீட்டில் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. முழங்காலுக்குக் கீழேயே முடிந்துவிடுகிற உயரம். வறுத்த கச்சானின் நிறம். பெயரும் அதனால் கச்சான். நான்கு பாதமும் வெள்ளை. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது எந்த நேரமும் மடிந்தே கிடக்கும். சந்தோசம் கூடிவிட்டால் வால் மட்டும் ஆடாது. இடுப்பிலிருந்து பின்பக்கம் முழுவதும் ஆடும். அந்த ஆட்டத்தில் சில வேளை தடுமாறி விழுந்தும் போவாள். விழுந்தால் எழும்ப வேண்டுமே? மாட்டாள். விழுந்த இடத்திலேயே வயிற்றைக் காட்டிக்கொண்டு, தடவித்தான் ஆக வேண்டும் என்று கிடப்பாள். நாலு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக் களைத்துப்போய் வந்து, சாரி மாற்றுவதற்கு முன்னாலேயே விறாந்தையில் குந்தி நாயின் வயிற்றைத் தடவுகிற ரீச்சர் இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது என்ன சாதி நாய், ரீச்சர்?" மனிதரிடம் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற கேள்வியை நாயைப் பற்றி எவ்வளவு தாராளமாகக் கேட்கிறார்கள்! எல்லாச் சாதியும்தான் என்று சொல்லிவிடுவேன். கழுத்தைச் சுற்றியுள்ள அடர்ந்த மயிரையும் கூரான மூஞ்சையும் பார்த்த மிருக வைத்தியர், பாட்டனோ பூட்டனோ பொமேரியனாக இருந்திருக்கலாம் என்றார். மிச்சமெல்லாம் சுத்தமான ஊர் நாய். கால் ஏன் இவ்வளவு கட்டை என்று அவரும் சிரித்தார். டாக்ஸ்ஹண்ட் மாதிரியான குட்டைக்கால் நாய்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2009இல் ஒரு முடிவு சொன்னார்கள்: வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணு தன்னைப் பிரதியெடுத்து, மரபுத்தொடரில் இன்னோரிடத்தில் போய் ஒட்டிக்கொண்டதுதான் அந்தக் கட்டைக்காலுக்குக் காரணமாம். எங்கள் கச்சானுக்கும் அதுதானா என்பது மரபணுச் சோதனை செய்து பார்த்தால்தான் தெரியும். எனக்கு அது தேவையில்லை. அந்தக் காலால் அவள் வேலிக்குக் கீழே நுழைந்து ஓடுகிற வடிவைப் பார்த்தால் உங்களுக்கும் தேவைப்படாது.

இந்தச் சாதிக் கதையே பழசில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாய்களை வரிசையில் நிறுத்தி அழகு பார்த்த முதல் கண்காட்சி இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் 1859இல் நடந்தது. அங்கே கெனல் கிளப் தொடங்கியது 1873இல். இன்று நாம் ஆசையோடு உச்சரிக்கிற இனப் பெயர்களில் அனேகமானவற்றுக்கு வரையறை எழுதப்பட்டது அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும்தான். நாயோ மனிதனோடு ஆயிரக்கணக்கான வருசமாக இருக்கிறது. அந்தக் காலம் முழுக்க அது கச்சான் மாதிரித்தான் இருந்திருக்கிறது: பத்திரம் கிடையாது, பெயர் பெற்ற தகப்பன் கிடையாது, அடுப்படிக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிடைத்தால் போதும்.

அவள் வந்த கதைக்கு வருகிறேன். கல்முனையிலிருந்து சேனைக்குடியிருப்பைத் தாண்டி, கிட்டங்கித் தாம்போதியால் வாவியைக் கடந்தால் சவளக்கடை. அங்கிருந்து இரண்டு பக்கமும் வயல். அந்த வயல்களுக்கு நடுவில்தான் சொறிக்கல்முனை. எங்கள் திருச்சிலுவைக் கோயில் திருவிழா செப்டெம்பரில். திருவிழா நாட்களில் கச்சான் கடை, வளையல் கடை, ஐஸ்கிறீம் வான் என்று ஊரே மாறிப்போகும். மட்டக்களப்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். கொடி இறங்கி, கடைக்காரர் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போன பிறகு மிஞ்சுவது குப்பையும் கட்டாக்காலி நாய்களும். அந்தக் குப்பையோடு யாரோ ஒரு கடதாசிப் பெட்டியையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே குட்டிகள். கண் திறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். அத்தனையும் பெட்டை.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் விளக்கினார். "கடுவன் எண்டா ஆராவது தூக்கிட்டுப் போயிருப்பாங்க மனே. பெட்டைய ஆரு எடுக்கிற?"

அதுதான் உண்மை. எங்கள் பக்கத்தில் எந்த வீதியோரத்திலும் பெட்டியில் கிடக்கிற குட்டிகளைத் தூக்கிப் பாருங்கள். கோயிலடி, சந்தையடி, பள்ளிவாசலடி, கடற்கரை, ஆஸ்பத்திரி மதில் என்று, சோறு போடும் மனிதர் வருகிற இடம் பார்த்துத்தான் வைக்கிறார்கள். வைக்கிறவர்களும் கல்நெஞ்சர் கிடையாது. கொல்ல மனமில்லாமல்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள். பெட்டை நாய் வருசத்தில் இரண்டு தடவை பருவத்துக்கு வரும். வந்தால் ஊரில் உள்ள கடுவன்களெல்லாம் வேலிக்கு வெளியே இரவு முழுக்கக் கூட்டம் போடும். 63 நாளில் ஐந்தாறு குட்டி. அதற்குப் பயந்து, ஒரு சத்திரசிகிச்சையால் தீருகிற விசயத்தைப் பெட்டியில் போட்டு அடுத்த ஊருக்கு அனுப்புகிறோம்.

நான் தூக்கியது இருந்ததிலேயே சின்னதை. உள்ளங்கையில் வைத்தபோது பெருவிரலைச் சப்பத் தொடங்கினாள். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? மற்றக் குட்டிகளுக்கும் என் வகுப்புப் பிள்ளைகள் ஓடித் திரிந்து வீடு பிடித்துத் தந்தார்கள். ஒருத்தி இப்போது வீரமுனைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடையின் வாசலில், மூடை அரிசிக்குக் காவலாக, என்னைப் பார்த்தால் தெரியாதவள் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறாள். அவ்வளவு மிதப்பு.

வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீதியிலிருந்து எடுக்கிற குட்டி இப்படித்தான் வரும். வயிறு மட்டும் பானையாய் ஊதி, விலா எலும்பு தெரிந்தது: குடலில் பூச்சி. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி. கண்ணைச் சுற்றி மயிர் கொட்டி, தோல் சிவந்து, சொறி. ஊரில் இதற்குக் கைமருந்து ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். மோட்டார் சைக்கிளில் இருந்து வடித்த கழிவு ஒயிலைப் பூசு என்பார்கள். தயவுசெய்து பூசாதீர்கள். நாய் தன் உடம்பை நக்கும்; ஒயில் வயிற்றுக்குள் போகும்; தோலாலும் உள்ளே இறங்கும். சொறியோடு பிழைத்திருக்கக்கூடிய குட்டி மருந்தால் சாகும். மிருக வைத்தியரிடம் போனால் சொறிப்பூச்சிக்கு மருந்து இருக்கிறது, குடற்பூச்சிக்கு மருந்து இருக்கிறது, இரண்டும் பெரிய செலவும் இல்லை. உண்ணியைத்தான் விடக்கூடாது. இந்த நாட்டு நாய்களைச் சத்தமில்லாமல் கொல்வது உண்ணிக் காய்ச்சல். சாப்பாட்டை வெறுத்து, முரசு வெளிறி, மூலையில் போய்ச் சுருண்டால் ஒரு நாள்கூடப் பிந்தக்கூடாது. அதைப்போல, காய்ச்சலென்று நினைத்துப் பனடோல் உடைத்துக் கொடுக்கவும் கூடாது. எங்களுக்கு மருந்தாவது நாய்க்கு நஞ்சாகலாம்.

ஆறு கிழமைக்குள் புதுமயிர் வந்தது பாருங்கள், அந்தக் கச்சான் நிறத்தில்! நான் ஒவ்வொரு ஞாயிறும் போட்டோ எடுத்து வைத்தேன். வெளிநாட்டில் இருக்கிற தம்பிக்கு அனுப்பினால், "அக்கா, மருமக்களின்ர படத்தைவிட நாயின்ர படம் கூட வருது" என்று பகிடி பண்ணுகிறான். வந்தால் என்ன?

பாசத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையே. மற்றதெல்லாம் முன்னுரை. கச்சான் உங்கள் பக்கத்தில் வந்து சும்மா இருக்கமாட்டாள், சாய்வாள். நீங்கள் நின்றால் உங்கள் கணுக்காலில் தன் பாரம் முழுவதையும் சாய்த்து நிற்பாள். கதிரையில் இருந்தால் உங்கள் பாதத்தின் மேல் தன் பாதத்தை வைப்பாள். எடுத்துக் கீழே வைத்தால் திரும்ப வைப்பாள். நான் கொப்பி திருத்துகிற நேரத்தில் மேசைக்குக் கீழே என் செருப்பில் தலையை வைத்துப் படுத்திருப்பாள். திருத்தி முடித்துப் பேனாவை மூடுகிற சத்தத்துக்கு எழும்புவாள். பேனாவைத் திறக்கும் சத்தத்துக்கு எழும்பமாட்டாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசமோ, எனக்குக் கேட்பதில்லை. காலையில் என்னைச் சவளக்கடை பஸ் நிற்கிற இடம் மட்டும் கொண்டுவந்து விட்டுவிட்டு, பஸ் கிளம்பியதும் கிறுகி நேரே வீட்டுக்குப் போகிறாள். வழியில் எந்த நாயோடும் கதை இல்லை. இது அயலவர் சொன்னது. பின்னேரம் நான் இறங்கும்போது அதே இடத்தில் இருக்கிறாள். சனி, ஞாயிறில் போவதில்லை. கலண்டரை அவளுக்கு யார் காட்டினார்கள்?

பிறகு அந்தப் பார்வை. கண்ணோடு கண் வைத்துப் பார்ப்பாள், இமைக்காமல், அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல். இது என் கற்பனை என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் தகெஃபுமி கிகுசுய் என்பவரின் குழு 2015இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியிட்டது. நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஒக்சிடோசின் கூடுகிறது என்று சிறுநீரைச் சோதித்துக் கண்டார்கள். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையில் பிணைப்பை வளர்க்கிற அதே சுரப்பு. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அப்படி நடக்கவில்லையாம். கச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடத்தில் அதிபரோடு பட்ட மனஸ்தாபம்கூடக் கரைந்து போவதன் இரசாயனக் காரணம் எனக்கு இப்போது தெரியும். தெரிந்ததால் சுவை குறையவில்லை.

அம்மாவைச் சொல்லாமல் விட்டால் அவர் கோபிப்பார். "ஊட்டுக்குள்ள நாயா? நான் இரிக்கும் வரைக்கும் நடக்காது" என்றவர் அம்மா. முற்றத்தோடு நிற்க வேண்டும் என்பது சட்டம். கச்சான் சட்டத்தை மீறவே இல்லை. விறாந்தை விளிம்பில் முன்னங்கால் இரண்டை மட்டும் வைத்து, மிச்ச உடம்பை முற்றத்தில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்தபடி இருந்தாள். மாரி தொடங்கி வெள்ளம் முற்றத்துக்கு வந்த இரவு, அம்மாதான் எழும்பிப் போய் அவளைத் தூக்கிவந்து பழைய சாரியால் துடைத்தார். நான் நித்திரைபோலக் கிடந்து பார்த்தேன். இன்று பின்னேரச் செபமாலைக்குப் பாய் விரித்தால் பாயின் ஒரு மூலை கச்சானுக்கு. ஐந்து காரணிக்கமும் அசையாமல் கிடப்பாள். கடைசி ஆமெனுக்கு எழும்பி நிற்பாள், ஏனென்றால் அதன் பிறகு அம்மா ஒரு மாரி பிஸ்கட்டை இரண்டாக உடைப்பார்.

இனி மீன்கார காக்காவின் கதை. சாய்ந்தமருதிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவருவார். கீரியும் சூரையும்தான் அனேகமாக. அவருடைய ஹோர்ன் சவளக்கடைச் சந்தியில் கேட்டால் போதும், கச்சானுக்கு விசர் பிடித்துவிடும். அவரோ நல்ல தொழுகையாளி. எங்கள் கரையோரத்து முஸ்லிம்கள் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள்; நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். வேலைக்கு நடுவில் ஒரு மனிதன் அதற்கு எங்கே போவது?

"ரீச்சர், நாயப் புடிச்சுக்கொள்ளுங்க. ளுஹருக்குப் பள்ளிக்குப் போகோணும்."

நான் பிடித்துக்கொள்வேன். அவர் தராசில் மீனை நிறுத்து, செதிள் எடுத்து, தலையை வேறாக ஓர் இலையில் வைத்துத் தூரத்தில் இருந்து எறிவார். கேட்காமல் எறிவார். ஒரு நாள் அம்மாவோடு கதை முற்றிவிட்டது.

"உம்மா, ஒண்டு சொன்னா குறை நினைக்க வேணாம். நாய் இரிக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க."

அம்மா விடுவாரா? எழுபது வருசமாகக் கோயிலில் வேதாகம வாசகம் கேட்டவர். "உங்களுக்கு அப்பிடி இரிக்கும் தம்பி. எங்கட தோபித்து ஆகமத்தில தோபியாவோட இரபேல் வானதூதர் வழித்துணையாப் போறாரு. அவங்களோட நாயும் போகுது. வானதூதரோடயே நாய் போயிரிக்கி, எங்கட ஊட்டு மூலையில படுத்தா என்ன?"

காக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அவரே தொடங்கினார். வெள்ளிக்கிழமையில் தான் ஓதுகிற கஹ்ஃபு சூறாவில் குகைக்குள் நெடுங்காலம் உறங்கிய இளைஞர்களின் கதை இருக்கிறதென்றும், அவர்களோடு ஒரு நாயும் வாசலில் முன்னங்கால் நீட்டிப் படுத்திருந்ததென்றும் சொன்னார். தாகத்தில் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்கு, கிணற்றில் இறங்கிக் காலணியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த மனிதனை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸையும் சொன்னார். வயலுக்கும் மந்தைக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு. சம்மாந்துறைப் போடிமாரின் வயல் வாடிகளில் நாய் இருக்கத்தான் செய்கிறது என்றும் சொன்னார். இவ்வளவும் சொல்லி, "எண்டாலும் புடிச்சுக்கொள்ளுங்க ரீச்சர்" என்று முடித்தார். எனக்கு அந்த மனிதனை மிகவும் பிடிக்கும். ஆடி வெயிலில் ஒரு நாள் நாங்கள் வீட்டில் இல்லாத நேரம், வேலியோரம் சிரட்டையில் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருந்தார். (வைரவருக்கு நாய் வாகனம், தருமர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் போக மறுத்தார் என்றெல்லாம் சொல்ல எதிர்வீட்டு ஐயா காத்திருக்கிறார். அவருக்கு இடம் கொடுத்தால் கட்டுரை முடியாது.)

காவல் என்று சொன்னதால் ஒரு வார்த்தை. எங்கள் நாவிதன்வெளிப் பக்கத்தில் வயல் விளைந்தால் யானை வரும். அறுவடைக் காலத்தில் இரவில் யானை வெடிச் சத்தம் கேட்காத கிழமை இல்லை. கச்சான் யானையை மணத்தாலேயே அறிகிறாள். காது இரண்டும், அந்த மடிந்த காது உட்பட, நிமிர்ந்துவிடும். தொண்டைக்குள் ஒரு உறுமல் தொடங்கும். பிறகு அந்தச் சின்ன உடம்பிலிருந்து வருகிற குரைப்புக்கு ஒழுங்கை முழுவதும் லைட் எரியும். ஊர் எழும்பிய பிறகு அவளுடைய வீரம் முடிந்தது. முதல் வெடிக்கு அம்மாவின் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். எச்சரிப்பது அவள் வேலை, விரட்டுவது எங்கள் வேலை. நியாயமான பங்கீடு. வயலிலிருந்து வளவுக்குள் வருகிற புடையனுக்கும் இதே ஏற்பாடுதான்.

பணம் இருக்கிறவர்கள் இப்போது கொழும்பிலிருந்து ஜெர்மன் ஷெப்பர்ட் எடுக்கிறார்கள், பக் எடுக்கிறார்கள். அந்தப் பிராணிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பாவம் அவை. எங்கள் வெயிலுக்கு அந்த மயிரும் அந்தச் சப்பை மூக்கும் பொருந்துமா? மத்தியானத்தில் இளைத்துக்கொண்டு கிடக்கும். ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு நோவு பரம்பரையாக வரும், பக்குக்கு மூச்சே ஒரு போராட்டம். அதற்காகக் கலப்பு நாய்க்கு நோயே வராது என்று கதை விடமாட்டேன். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 27,000க்கு மேற்பட்ட நாய்களின் பதிவேடுகளை அலசி 2013இல் எழுதினார்கள்: 24 பரம்பரை நோய்களில் 10 நோய்கள் சாதி நாய்களில் கூட, 13இல் வித்தியாசமே இல்லை, ஒன்று, முழங்கால் நார் அறுவது, கலப்பு நாய்களில் கூட. ஆக, கலப்பு நாய்க்கு ஓரளவு அனுகூலம் உண்டு, அவ்வளவுதான். ஆனால் எங்கள் வெயிலுக்கும் மழைக்கும் எங்கள் சோற்றுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகி வந்தது ஊர் நாய்தான். கச்சானுக்கு ஆகிற செலவைக் கேளுங்கள்: நாங்கள் உண்ணுகிற சோறு, காக்கா எறிகிற மீன்தலை, வருசத்துக்கு ஓர் ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து. கறியிலிருந்து கொடுப்பதில்லை, எங்கள் கறியில் வெங்காயம் இல்லாத கறி ஏது? வெங்காயம் நாய்க்கு இரத்தத்தைக் கெடுக்கும். சொக்கலேட், திராட்சை இரண்டும் ஆகாது. சமைத்த கோழி எலும்பு சிராய்போல் பிளந்து குடலில் குத்தும்.

விசர்நாய்க்கடிப் பயம் எல்லாருக்கும் உண்டு, இருக்கவும் வேண்டும். இலங்கையில் 1973இல் அந்த நோய்க்கு 377 பேர் பலியானார்கள். இன்று அது வருசத்துக்குச் சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறது. குறைத்தது நாய்களுக்குப் போட்ட தடுப்பூசியும் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடுகிற ஊசியும். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை நிறுத்துவதென்று அரசாங்கம் 2006இல் முடிவெடுத்தது. என் சின்ன வயதில் நாய் பிடிக்கிற வண்டி வந்தால் பிள்ளைகள் நாய்களை ஒளித்துவைத்த ஞாபகம் எனக்கு உண்டு. கொன்று தீராத நோய், ஊசியால் கட்டுக்குள் வந்தது. கடித்தாலும் சரி, காயத்தில் நக்கினாலும் சரி, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோய் வெளிப்பட்ட பிறகு கிட்டத்தட்ட எவருமே பிழைப்பதில்லை.

கச்சானுக்குக் கருத்தடை செய்வித்தது மாரி வெள்ளத்துக்குள். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்து, பஸ் நின்றுபோயிருந்தது. சம்மாந்துறை சுற்றி, மழைக்கோட்டுக்குள் அவளை நெஞ்சோடு கட்டி, மகன் மோட்டார் சைக்கிள் ஓட்ட நான் பின்னால் இருந்து போனேன். வழி முழுக்க என் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தாள். வெட்டிய இடத்தை நக்காமலிருக்கத் தயிர் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினோம். அதோடு கதவு நிலையில் இடித்து இடித்துத் திரிந்தாள்; வாளியோடேயே வந்து காலில் சாய்ந்தாள். தையல் காய்ந்த பிறகு பழைய துள்ளல் திரும்பிவிட்டது. வேலிக்கு வெளியே கடுவன்களின் கூட்டமும் நின்றுபோயிற்று.

இந்த வேலையைப் பெரிதாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இயக்கச்சியில் ஆறு திருமுருகன் அவர்களின் சிவபூமி அறக்கட்டளை ஆதரவற்ற நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் வைத்திருக்கிறது. தெற்கே தலல்லையில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மிருக வைத்தியர் 2014இல் தொடங்கிய வீகேர் வேர்ல்ட்வைட், தெருநாய்களுக்கு வைத்தியமும் கருத்தடையும் செய்கிறது. ஒட்டாரா குணவர்த்தன 2007இல் ஆரம்பித்த எம்பார்க் அமைப்பு தெருக்குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுத்து, ஊர் நாய் வளர்ப்பதைக் கொழும்பில் ஒரு பெருமையாகவே மாற்றியது. கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில் விமானி சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூகுரொஸ், நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று அறுபதுகளிலேயே வாதாடியது. எங்கள் அம்பாறைக் கரையில் அந்த அளவுக்கு ஒன்றை நான் பார்த்ததில்லை. அது வரும்வரை, ஒரு வீட்டுக்கு ஒரு குட்டி என்பதுதான் எங்களால் ஆகிற சரணாலயம்.

ஆகவே, வருகிற திருவிழா முடிந்ததும் கோயிலடிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கல்முனைச் சந்தைப் பக்கம் போனாலும் பாருங்கள். கடதாசிப் பெட்டி இருந்தால் குனிந்து பாருங்கள். கொழுத்த கடுவனைத் தேடாதீர்கள், அவனை யாரும் எடுப்பார்கள். சின்னப் பெட்டையாய்ப் பார்த்து எடுங்கள். முதலில் பூச்சி மருந்து, பிறகு விசர்நாய்த் தடுப்பூசி, முதல் பருவம் வருவதற்கு முன் வைத்தியரிடம் கேட்டுக் கருத்தடை. மீன்தலைக்குக் காக்காவிடம் நான் சொல்லிவைக்கிறேன்.